நீரில் அமிலமா, அமிலத்தில் நீரா: சூளூர்பேட்டைச் சாலையும் புகையும் அமிலங்களின் வரலாறும்

சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் சூளூர்பேட்டை இருக்கிறது. காளங்கி ஆற்றங்கரையிலுள்ள செங்காளம்மன் கோயில் இவ்வூரின் பழைய அடையாளம். தேசிய நெடுஞ்சாலை 16 இலிருந்து கிழக்கே பிரிந்து, பழவேற்காடு ஏரியின் ஆழமற்ற நீர்ப்பரப்பை ஊடறுத்துச் செல்லும் சாலை இதன் புதிய அடையாளம். ஏறத்தாழ 20 கி.மீ. நீளும் அச்சாலை ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் முடிகிறது. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. பெயர்ப்பலகையில் தெலுங்கு, கடைத்தெருவில் தெலுங்கும் தமிழும், ஏவுதள ஊழியர் குடியிருப்பில் இந்தியாவின் எல்லா மொழிகளும்.

இவ்வூரை ராக்கெட்டுகளின் வாசல் என்பார்கள். அது ஒரு வகையில் அமிலங்களின் வாசலும் ஆகும். திரவ எரிபொருளில் இயங்கும் ராக்கெட்டுக்கு எரிபொருள் மட்டும் போதாது. அதை எரிக்க ஆக்சிசன் தரும் ஆக்சிகரணியும் வேண்டும். இந்திய ராக்கெட்டுகளில் அரை நூற்றாண்டாகப் பயன்பட்டுவரும் ஆக்சிகரணிகளுள் இரண்டு, செம்புகை நைட்ரிக் அமிலமும் நைட்ரசன் டெட்ராக்சைடும். இரண்டும் நச்சுத்தன்மை உடையவை, உலோகத்தையும் உடலையும் அரிப்பவை, நீருடன் வினைபுரிபவை. இவை சிந்தினால் என்ன செய்வது என்ற அறிவு எளிதில் கிடைக்கவில்லை. அது காயங்களிலிருந்தும் வழக்குகளிலிருந்தும் மெல்லத் திரண்டது. அந்த வரலாற்றை, அந்த அறிவு எந்த மொழியில் எவரிடம் சென்று சேர்ந்தது என்ற கேள்வியோடு சேர்த்து வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பெயர்கள் நினைவில் வைத்திருப்பவை

தமிழில் இப்பொருள்களுக்கு மூன்று பெயர்கள் புழங்குகின்றன. பாடநூலில் அமிலம், பழைய அச்சு நூல்களிலும் நாளிதழ்ச் செய்திகளிலும் திராவகம், தெருவில் ஆசிட். அமிலம் என்பது புளிப்பைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது. தெலுங்கின் ஆம்லமும் அதே வேரினது. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலமும் புளிப்பையே குறிக்கும். ஆக இம்மூன்றும் நாவின் அனுபவத்திலிருந்து பிறந்தவை. எலுமிச்சையையும் புளித்த மோரையும் அறிந்த சமூகங்கள் இட்ட பெயர்கள்.

திராவகம் வேறு வழியில் வந்தது. உருகுதல், ஒழுகுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்து, உருக்குவது என்ற கருத்தைச் சுமந்து நிற்கிறது. சித்த மருத்துவ மரபில் உப்புகளைக் காய்ச்சி வடித்தெடுக்கும் மருந்துகளும் இப்பெயரால் வழங்கின. அவற்றைக் கையாண்டவர்களுக்கு அப்பொருளின் குணம் பெயரிலேயே நினைவூட்டப்பட்டது. பள்ளிக்கூடத் தமிழ் திராவகத்தைக் கைவிட்டு அமிலத்தை ஏற்றபோது கலைச்சொல் ஒழுங்கு கிடைத்தது. எச்சரிக்கை ஒன்று மங்கியது. புளிப்பு என்னும் பெயருடைய பொருளைக் கண்டு எவரும் இயல்பாக ஓடுவதில்லை.

பள்ளி ஆய்வகத்தில் ஒவ்வொரு மாணவரும் மனப்பாடம் செய்யும் விதி ஒன்றுண்டு: அமிலத்தை நீரில் சேர்க்க வேண்டும், நீரை அமிலத்தில் சேர்க்கக் கூடாது. சொற்கள் இரண்டே. வேற்றுமை உருபுகள் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். 'நீரில் அமிலம்' என்றால் வெப்பம் பெருநீரில் பரவித் தணியும். 'அமிலத்தில் நீர்' என்றால் சிறுநீர்த்துளி அமிலத்தின் மேல் அக்கணமே கொதித்து, அமிலத்தையும் அள்ளிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். ஏழாம் வேற்றுமை உருபு எந்தச் சொல்லோடு ஒட்டுகிறது என்பதில் ஒருவரின் கண்பார்வை அடங்கியிருக்கும் இடம் வேறு எங்கும் இருக்க இயலுமா என்பது ஐயம்.

2. நீரின் இரட்டை இயல்பு

கந்தக அமிலத்தில் கந்தக டிரையாக்சைடு கரைந்திருக்கும் நிலையை ஓலியம் என்பர்; புகையும் கந்தக அமிலம் என்றும் சொல்வதுண்டு. அது காற்றில் திறந்தவுடன் வெண்புகை எழுப்பும். உண்மையில் அது புகையன்று. காற்றின் ஈரத்தோடு டிரையாக்சைடு வினைபுரிந்து உண்டாகும் கந்தக அமிலத்தின் நுண்துளிகள். அமிலமே மேகமாகி நகர்கிறது. சிந்திய ஓலியத்தின் மேல் குழாயால் நீரைப் பீய்ச்சினால் மேகம் குறையாது, பன்மடங்காகும்.

நைட்ரசன் டெட்ராக்சைடு ஏறத்தாழ 21 பாகை செல்சியசில் கொதிக்கும். சூளூர்பேட்டையின் மார்கழி விடியலைத் தவிர ஆண்டின் பெரும்பகுதியிலும் அது திறந்த கலத்தில் தங்காது என்பது இதன் பொருள். சிந்தினால் செம்பழுப்பு நிற ஆவியாக எழும், காற்றைவிடக் கனமானதாகையால் தரையோடு தவழும், பள்ளங்களில் தேங்கும். நீரோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலமும் நைட்ரசு அமிலமும் உண்டாகும். நுரையீரலின் ஈரமும் நீரே. எனவே சுவாசித்தவரின் உடலுக்குள்ளும் அதே வினை நிகழும். இதன் கொடிய இயல்பு தாமதம். சுவாசித்தவர் சிறிது இருமிவிட்டு நலமாக நடமாடுவார். பல மணி நேரம் கழித்தே நுரையீரலில் நீர் கோத்து மூச்சு அடைபடும். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்பவரையும் மருத்துவக் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்ற விதி இதனாலேயே உருவானது.

ஆனால் நீரை முற்றாக விலக்கவும் இயலாது. தோலிலும் கண்ணிலும் அமிலம் பட்டால் உடனடி மருந்து நீரே. மாசுற்ற உடையைக் களைந்துகொண்டே, குறைந்தது 15 நிமிடங்கள், தாராளமாக ஓடும் நீரில் கழுவ வேண்டும். நகரும் ஆவி மேகத்தை அடக்கவும் நுண்தூவலாக நீர் பயன்படும்; அத்தூவல் மேகத்தின் மேல் விழ வேண்டும், சிந்திய குட்டையின் மேலோ கலத்தின் உள்ளேயோ விழலாகாது. ஆக, ஒரே விபத்தில் நீர் குறித்து மூன்று கட்டளைகள்: மனிதர் மீது ஊற்று, மேகத்தின் மீது தூவு, பொருளின் மீது ஊற்றாதே. தீயென்றால் நீர் என்று தலைமுறைகளாகப் பழகிய கைகளுக்கு இப்பகுப்பு எளிதில் வருவதில்லை.

நீருக்கு அடுத்து மனிதரின் கை தேடுவது மரத்தூளும் சாக்கும். எண்ணெய் சிந்தினால் அவை உதவும். நைட்ரிக் அமிலமும் டெட்ராக்சைடும் சிந்திய இடத்தில் அவையே எரியத் தொடங்கும். உலர்ந்த மணலால் வரப்பிட்டுத் தடுப்பதும், பரவல் நின்றபின் சோடா உப்பு, சுண்ணாம்பு போன்ற காரப்பொருள்களால் மெல்லச் சமன் செய்வதுமே பயிற்சி பெற்ற குழுவின் வேலை.

3. 1979: பன்னிரண்டு வால்வுகளில் ஒன்று

இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலமான எஸ்.எல்.வி.-3, 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் உடையது. நான்கு கட்டங்களும் திட எரிபொருளில் இயங்கின. ஆனால் இரண்டாம் கட்டத்தின் திசையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு திரவத்தில் இயங்கியது. அதன் ஆக்சிகரணி செம்புகை நைட்ரிக் அமிலம்.

அத்திட்டத்தின் இயக்குநராயிருந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், தமிழில் 'அக்னிச் சிறகுகள்' என வெளியான தன்வரலாற்றில் 1979 ஆம் ஆண்டின் ஒரு சோதனையை விவரிக்கிறார். ஆறு பேர் கொண்ட குழு இக்கட்டுப்பாட்டு அமைப்பைத் தரைச் சோதனைக்கு ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தது. சோதனைக்கு 15 நிமிடங்கள் இருக்கையில், பன்னிரண்டு வால்வுகளில் ஒன்று கட்டளைக்கு இணங்கவில்லை. பதற்றத்தில் குழுவினர் சோதனை இடத்துக்கே சென்று பார்த்தனர். அப்போது அமிலத் தொட்டி வெடித்தது. குழுவினர் கடும் அமிலக் காயங்களுக்கு உள்ளாயினர். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்நேரத்தில் ஆறு படுக்கைகள் இல்லை. கலாமும் உடன்பணியாளர் ஒருவரும் மன்றாடி இடம் பெற வேண்டியிருந்தது. பல இடங்களில் வெந்த உடலோடு கிடந்த பொறியாளர் ஒருவர் விடியற்காலை மூன்று மணியளவில் நினைவு திரும்பியதும் முதலில் சொன்னது, விபத்துக்கான வருத்தமும் கால அட்டவணையில் ஏற்பட்ட பின்னடைவை ஈடுசெய்வதாகிய உறுதியும்தான்.

இந்நிகழ்ச்சி பொதுவாகக் கடமையுணர்வின் சான்றாகவே மேற்கோள் காட்டப்படுகிறது. அது உண்மையே. ஆயினும் அவசரகாலச் செயல்முறையின் வரலாற்றில் இதற்கு வேறொரு இடமும் உண்டு. இரண்டு குறைகள் இங்கே வெளிப்படுகின்றன. அமிலம் நிரம்பிய தொட்டியின் அருகே பழுதைக் காணச் சென்ற கால்கள் ஒன்று. காயமுற்றோருக்குப் படுக்கை முன்கூட்டியே ஒதுக்கப்படாமை மற்றொன்று. ஆபத்தான சோதனை தொடங்கும் முன்பே மருத்துவமனைக்குச் செய்தி சென்றிருக்க வேண்டும் என்பது இன்று எழுதப்பட்ட விதி. அது எழுதப்படாதிருந்த காலத்தின் விலையை அந்த ஆறு உடல்கள் கொடுத்தன.

அதே ஆண்டு ஆகத்து 10 அன்று எஸ்.எல்.வி.-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்தது. முதல் கட்டம் ஒழுங்காக எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு குலைந்து, 317 நொடிகளில் ஏவுகலம் கரையிலிருந்து 560 கி.மீ. தொலைவில் கடலில் விழுந்தது. ஆய்வில் தெரிந்த காரணம் இது: ஏவுதலுக்கு 8 நிமிடங்கள் முன்பு இடப்பட்ட கட்டளைக்குப் பின், ஆக்சிகரணித் தொட்டியின் மின்காந்த வால்வு ஒன்று மாசின் காரணமாக மூடாமல் நின்றது. செம்புகை அமிலத்தின் பெரும்பகுதி வடிந்துவிட்டது. கட்டுப்பாட்டு விசை தேவைப்பட்டபோது எரிபொருள் மட்டும் பாய்ந்தது, விசை பிறக்கவில்லை. இந்திய விண்வெளி வரலாற்றின் புகழ்பெற்ற முதல் தோல்வி, வேதியியல் நோக்கில் ஓர் அமிலக் கசிவு. பெயரும் தேதியும் உடைய தோல்வியாக அது நினைவில் நின்றது. அதே அமிலத்தால் ஆறு பேர் வெந்த சோதனைக்குப் பொதுநினைவில் தேதிகூட இல்லை. 1980 சூலை 18 அன்று அதே வகை ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

4. வேறு நிலங்களில் அதே கால்கள்

அருகே ஓடும் கால்கள் இந்தியாவுக்கு மட்டும் உரியவை அல்ல. 1960 அக்டோபர் 24 அன்று சோவியத் ஒன்றியத்தின் பைக்கனூரில் ஆர்-16 என்னும் ஏவுகணை, நைட்ரிக் அமிலம் சார்ந்த ஆக்சிகரணியும் எரிபொருளும் நிரப்பப்பட்ட நிலையில் பழுதுபார்க்கப்பட்டது. கால நெருக்கடியால் எரிபொருளை வெளியேற்றாமலே வேலை நடந்தது. இரண்டாம் கட்ட இயந்திரம் தவறுதலாகப் பற்றியது. மார்சல் நெதலின் உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ மூன்று பதிற்றாண்டுகள் இந்நிகழ்ச்சி அரசு இரகசியமாக இருந்தது. மறைக்கப்பட்ட விபத்திலிருந்து பிற நாட்டார் எவரும் பாடம் கற்க இயலவில்லை.

1975 சூலை 24 அன்று அப்போலோ-சோயுசு கூட்டுப் பயணம் முடித்துப் பசிபிக் கடலில் இறங்கிக்கொண்டிருந்த அமெரிக்க வீரர் மூவரின் அறைக்குள் நைட்ரசன் டெட்ராக்சைடு ஆவி புகுந்தது. சிறு உந்துவிசை இயந்திரங்களை உரிய நேரத்தில் நிறுத்தாததே காரணம். ஒருவர் நினைவிழந்தார். கடலில் இறங்கியபின் மூவரும் நடந்து வந்தனர். ஆயினும் ஆனலூலு மருத்துவமனையில் கண்காணிப்பில் வைக்கப்பட்டனர். தாமத நஞ்சு பற்றிய விதி அங்கே உயிர் காத்தது.

1978 ஆகத்து 24 அன்று கான்சாசு மாநிலத்தின் ராக் என்னும் ஊருக்கு அருகில், டைட்டன்-2 ஏவுகணைக் கிடங்கில் அதே டெட்ராக்சைடு பெருகிக் கசிந்தது. படைவீரர் இருவர் உயிரிழந்தனர். நிரப்புக் குழாயின் இணைப்பில் சிக்கிய ஒரு சிறு அடைப்பு வளையம், மூடவேண்டிய வால்வை மூடவிடவில்லை. ஏறத்தாழ ஓராண்டு கழித்து ஸ்ரீஹரிகோட்டாவில் மூடாமல் நின்ற வால்வும் இதே வகைக் கதையே. பெருவிபத்துகளின் மூலம் பெரும்பாலும் கைக்குள் அடங்கும் ஒரு பொருளாகவே இருந்திருக்கிறது.

5. 1985: அமிலம் வேலிக்கு வெளியே வந்தபோது

ஏவுதளங்களின் விபத்துகள் வேலிக்குள் நிகழ்ந்தவை. 1984 திசம்பர் 2-3 இரவில் போபாலில், மெதில் ஐசோசயனேட் நிரம்பிய தொட்டிக்குள் நீர் புகுந்து எழுந்த வினை வேலியைத் தாண்டி நகரைக் கொன்றது. ஆலையில் நீர்த்தூவல் இருந்தது. ஆனால் நச்சு வெளியேறிய உயரத்தை அது எட்டவில்லை. வேண்டாத இடத்தில் நீர் புகுந்தது. வேண்டிய இடத்தை நீர் எட்டவில்லை.

ஓராண்டு முடிந்து ஒரே நாள் கடந்த நிலையில், 1985 திசம்பர் 4 அன்று, தில்லியில் ஸ்ரீராம் உணவு மற்றும் உரத் தொழிலகத்தின் ஓலியத் தொட்டி, அதைத் தாங்கிய கட்டமைப்பு சரிந்ததால் உடைந்தது. வெண்மேகம் நகரின் மேல் பரவியது. தீஸ் அசாரி நீதிமன்றத்தில் தொழில்புரிந்த வழக்கறிஞர் ஒருவர் இறந்ததாகவும் பலர் பாதிக்கப்பட்டதாகவும் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, குழாய் இணைப்பிலிருந்து மீண்டும் சிறு கசிவு. எம்.சி. மேத்தா தொடுத்திருந்த வழக்கு இதனால் புதிய பரிமாணம் பெற்றது.

1986 திசம்பர் 20 அன்று தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான ஐவர் அமர்வு, அபாயகரமான தொழிலை நடத்துவோர் அதனால் விளையும் கேட்டுக்கு எவ்வித விலக்குமின்றி முழுப் பொறுப்பாளர் என்னும் கோட்பாட்டை வகுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்டம் அனுமதித்த விலக்குகள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தா என்று ஒதுக்கியது. சட்ட மாணவர் அனைவரும் அறிந்த தீர்ப்பு இது.

அதற்குச் சில மாதங்கள் முன், 1986 பிப்ரவரி 17 அன்று வந்த ஆணை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆலையின் ஒரு பகுதியை மீண்டும் இயக்க நிபந்தனைகளுடன் இசைவளித்த அவ்வாணை, குளோரின் வாயு உடலில் விளைவிக்கும் தீங்குகளையும் உடனடிச் சிகிச்சையையும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் விளக்கும் அட்டவணைகளை ஆலையில் வைக்கச் சொன்னது. சுற்றிலும் ஒலிபெருக்கிகள் அமைத்து, அக்கம்பக்கத்தாருக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கையும் அறிவுறுத்தலும் தரச் சொன்னது. எச்சரிக்கை என்பது ஒரு மொழிச்செயல் என்பதை இந்திய நீதிமன்றம் ஏற்ற தருணங்களுள் இதுவும் ஒன்று. தில்லியில் இந்தி என்றால், சூளூர்பேட்டையில் எது என்ற கேள்வி அந்த ஆணையிலேயே மறைந்திருக்கிறது.

இவ்விரு விபத்துகளின் பின்னணியில் சட்டங்கள் தொடர்ந்து வந்தன: 1986 இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1987 இன் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம், 1989 இன் அபாயகர இரசாயனங்கள் பற்றிய விதிகள், 1991 இன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், 1996 இன் இரசாயன விபத்து விதிகள். 1989 விதிகள் வேலிக்குள் செய்ய வேண்டியவற்றை ஆலையிடமும் வேலிக்கு வெளியே செய்ய வேண்டியவற்றை மாவட்ட நிருவாகத்திடமும் ஒப்படைத்தன. அதோடு, பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு ஆபத்தின் தன்மையையும் செய்யத்தக்கன, தகாதனவற்றையும் முன்னரே அறிவிக்க வேண்டும் என்றன. 1996 விதிகள் நடுவண் அரசு முதல் உள்ளூர் வரை நான்கு நிலைகளில் நெருக்கடிக் குழுக்களை அமைத்தன. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2007 இல் இரசாயனப் பேரிடர்களுக்கான வழிகாட்டுநெறிகளை வெளியிட்டது.

6. சாலையில் செல்லும் எழுத்து

ஆலைக்கு வேலி உண்டு, சாலைக்கு இல்லை. விண்வெளித் திட்டத்துக்கான எரிபொருளில் ஒன்றைக் கோதாவரி மாவட்டப் பகுதியின் தணுக்கில் ஆந்திரா சுகர்ஸ் நிறுவனம் தயாரிக்கிறது. சூளூர்பேட்டையைத் தொட்டுச் செல்லும் நெடுஞ்சாலை, கிழக்குக் கரையின் தொழிலகங்களை எல்லாம் இணைக்கும் சாலையுமாகும். அதில் அமிலம் ஏற்றிய சரக்குந்து கவிழ்ந்தால் முதலில் வருபவர் விஞ்ஞானி அல்லர். தேநீர்க்கடைக்காரரும், பின்னால் வந்த பேருந்தின் நடத்துநரும், வயலிலிருந்து ஓடிவரும் உழவரும்தான். உதவ வேண்டும் என்ற எண்ணத்தோடு குடத்தில் நீரும் எடுத்து வருவார்கள்.

இவர்களுக்காக எழுதப்பட்டிருக்க வேண்டிய ஒரு பனுவல் அவ்வண்டியின் பக்கங்களிலும் பின்புறத்திலும் ஒட்டப்பட்டிருக்கிறது. 1989 இன் நடுவண் மோட்டார் வாகன விதிகள் கோரும் அவசரத் தகவல் பலகை அது. பொருளின் தொழில்நுட்பப் பெயர், ஐக்கிய நாடுகள் எண், ஆபத்தின் வகை காட்டும் சாய்சதுரச் சின்னம், அவசரத் தொலைபேசி எண்கள் ஆகியவை அதில் இடம்பெறும். ஓலியத்துக்கு எண் 1831. செம்புகை நைட்ரிக் அமிலத்துக்கு 2032. நைட்ரசன் டெட்ராக்சைடுக்கு 1067. நான்கு இலக்கங்களைத் தொலைபேசியில் சரியாகச் சொல்லும் ஒருவர், பொருளின் பெயரை வாசிக்கத் தெரியாதவராயினும், தீயணைப்பு நிலையத்துக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறார்.

நீருக்கு எதிரான எச்சரிக்கைக்கென்றே உலகில் சில குறிகள் உருவாயின. ஐரோப்பியச் சாலைகளில் ஆபத்து எண்ணுக்கு முன் வரும் பெருக்கல் குறி போன்ற எழுத்து, நீர் படக்கூடாது என்று பொருள்படும். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் நாற்சதுரச் சின்னத்தில், நீரின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு கிடக்கும். பிரிட்டனில் பிறந்த அவசரச் செயற்குறியீடு வேறு வகையில் பேசும்: முதல் இலக்கம் எதைக் கொண்டு அணைப்பது என்று சொல்லும், அடுத்த எழுத்து, சிந்தியதை நீர்விட்டுக் கழுவலாமா, வடிகாலில் சேராமல் தடுத்து நிறுத்த வேண்டுமா என்று சொல்லும். இவை அனைத்தும் சிக்கனமான மொழிகள், இலக்கணம் உடையவை. ஆனால் இவற்றுக்குத் தாய்மொழியாளர் எவருமில்லை, கற்றோரே உண்டு.

அதே மோட்டார் வாகன விதிகளின் 9 ஆம் விதி, ஆபத்தான சரக்கு ஏற்றிய வண்டியின் ஓட்டுநர், அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள ஓர் இந்திய மொழியையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்க அறிந்திருக்க வேண்டும் என்கிறது. சிறப்புப் பயிற்சிச் சான்றிதழும் கோருகிறது. எந்த இந்திய மொழி என்று அது சொல்லவில்லை. ஆங்கிலத்தோடு பஞ்சாபி மட்டும் அறிந்த ஓட்டுநர் சூளூர்பேட்டையில் விதிப்படி தகுதியுடையவரே. மயங்கிக் கிடக்கும் அவர் அருகில் ஓடிவருபவர் தெலுங்கோ தமிழோ பேசுவார். அவசர அட்டை ஓட்டுநர் அறையில், கதவுக்குப் பின்னால் இருக்கும். அதை எடுக்கப் புகை ஊடே செல்வதுதான் செய்யக்கூடாத முதல் காரியம். சட்டம் ஓட்டுநரின் எழுத்தறிவைக் கேட்டது. பார்வையாளரின் மொழியைக் கேட்கவில்லை.

7. 2013: திரும்பி நடந்த ஏவுகலம்

செம்புகை அமிலத்தின் இடத்தை, பின்வந்த பெரிய ஏவுகலங்களில் நைட்ரசன் டெட்ராக்சைடு பிடித்தது. 1993 முதல் பறக்கும் பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் மட்டும் 40 டன் அளவில் திரவ உந்துபொருள் உண்டு; அதில் பாதிக்கும் மேல் ஆக்சிகரணி. அளவு பெருகியதோடு முறையும் மாறியது. நிரப்புதல் தொலைவிலிருந்து இயக்கப்பட்டது. அருகில் செல்ல நேர்ந்தால், சுவாசக் காற்றோடு கூடிய முழுவுடல் காப்புடை கட்டாயமாயிற்று.

2013 ஆகத்து 19 அன்று ஜி.எஸ்.எல்.வி.-டி5 ஏவுதளத்தில் நின்றது. மாலை 4.50 மணிக்கு எழ வேண்டியது. 74 நிமிடங்கள் இருக்கையில் எண்ணிக்கை நிறுத்தப்பட்டது. இரண்டாம் கட்டத்தின் தொட்டியிலிருந்து எரிபொருள் கசிந்துகொண்டிருந்தது. இது அமிலமன்று, ஆனால் கடும் நஞ்சு, மேலே உள்ள ஆக்சிகரணியைத் தொட்டால் தீப்பொறியின்றியே பற்றும் பொருள். நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. ஏவுதலை எப்படியாவது காப்பாற்றும் முயற்சி நடக்கவில்லை. ஏவுதல் கைவிடப்பட்டது, உந்துபொருள்கள் வெளியேற்றப்பட்டன, ஏவுகலம் கட்டுமானக் கூடத்துக்குத் திரும்பக் கொண்டு செல்லப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லை. கசிந்த தொட்டி வேறு அலுமினியக் கலவையால் ஆன புதிய தொட்டியால் மாற்றப்பட்டது. 2014 சனவரி 5 அன்று அதே ஏவுகலம் வெற்றியுடன் பறந்தது.

1979 இல் 15 நிமிடம் எஞ்சியிருக்கையில் மனிதர் தொட்டியை நோக்கிச் சென்றனர். 2013 இல் 74 நிமிடம் எஞ்சியிருக்கையில் ஏவுதலே கைவிடப்பட்டது. இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட 34 ஆண்டுகளே இத்துறையின் கல்வி. வெற்றிப் பட்டியலில் இந்த நாளுக்கு இடமில்லை. ஆயினும் அவசரகாலச் செயல்முறையின் வரலாற்றில் ஸ்ரீஹரிகோட்டாவின் மிகச் சிறந்த நாள்களுள் இதையும் சேர்க்க வேண்டும்.

8. காற்றுக்குப் பெயர் உள்ள மொழி

வேலிக்குள் கற்ற இப்பாடம் வேலிக்கு வெளியே எவ்வளவு சென்றது என்பதே எஞ்சும் கேள்வி. சாலையில் நிகழும் சிந்தலில், பயிற்சியற்ற ஒருவர் செய்யவேண்டியவை மிகச் சில. அருகே செல்லாதிருத்தல். காற்று வரும் திசைக்கு விலகி, மேட்டு நிலத்துக்குப் போதல். பலகையின் எண்ணைத் தொலைவிலிருந்தே படித்துத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுதல். சிந்தியதன் மேல் நீர் ஊற்றாதிருத்தல். தோலில் பட்டவரை அப்புறப்படுத்தியபின் நீரால் இடைவிடாது கழுவுதல். இருமியவர் எவராயினும், நலமாகத் தோன்றினாலும், மருத்துவமனைக்கு அனுப்புதல். பிறவெல்லாம் காப்புடை அணிந்தோரின் வேலை. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் அணி அரக்கோணத்தில் இருக்கிறது. ஆனால் எந்தப் படையும் முதல் பத்து நிமிடங்களில் வந்து சேர்ந்துவிட முடியாது.

இவற்றுள் மிகக் கடினமானதாகத் தோன்றும் 'காற்று வரும் திசை' என்னும் கட்டளை, உண்மையில் இந்நிலத்தாருக்கு மிக எளிது. வடக்கிலிருந்து வருவது வாடை; கிழக்கிலிருந்து வருவது கொண்டல்; தெற்கிலிருந்து தென்றல்; மேற்கிலிருந்து கோடை. திசை தோறும் காற்றுக்குத் தனிப்பெயர் வைத்திருக்கும் மொழி இது. பழவேற்காடு ஏரியில் வலைவீசும் எவரும் எந்நேரமும் காற்றின் முகத்தை அறிந்தே நிற்பர். மேலைக் கையேடுகள் நீண்ட தொடர்களில் விளக்கும் ஒன்றை அவர்களிடம் ஒரு சொல்லில் சொல்லலாம். சொல்பவர்தான் வேண்டும்.

சொல்லவேண்டியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தவறான இடத்தில் ஊற்றிய நீர் அங்கேயே நிற்பதில்லை. அமிலத்தைச் சுமந்துகொண்டு வாய்க்கால் வழியே காளங்கிக்கும், அங்கிருந்து ஆழமற்ற ஏரிக்கும் அது இறங்கும். மீனும் இறாலும் அவற்றை நம்பிய குடும்பங்களும் அங்கே இருக்கின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் வருவதும் அங்கேதான். கசிவை வரப்பிட்டு நிறுத்து என்ற ஒற்றை எழுத்துக் குறியீட்டின் முழுப்பொருள் சூளூர்பேட்டையில் இதுவே.

1986 இல் நீதிமன்றம் ஒலிபெருக்கி கேட்டது. 1989 இல் விதிகள் மக்களுக்கு முன்னறிவிப்புக் கேட்டன. இரண்டும் ஊரின் பேச்சுமொழியில் நிகழும்போதே சட்டம் நிறைவேறியதாகும். தெலுங்கிலும் தமிழிலும், நீரில் அமிலமா அமிலத்தில் நீரா என்று ஒரு குழந்தையும் சொல்லக்கூடிய அளவுக்கு எளிய வாக்கியங்களில், நெடுஞ்சாலை ஓரப் பள்ளியின் சுவரில் அது எழுதப்பட முடியும். திருவனந்தபுரத்தில் வெந்த ஆறு பேரும் கற்றுக்கொடுத்தது அவ்வளவே. அதற்கு ஒரு வண்ணப்பூச்சு டப்பாவுக்கு மேல் செலவில்லை.